பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு சந்தை

என் வாழ்வின் இணையே,

புனேயில் ஆலைப் பயிற்சி முடித்து நீ திரும்புவதற்குள், ஓராண்டாக வீட்டிலிருந்தே கற்கும் நம் இளவெயினியை மீண்டும் பள்ளியில் சேர்ப்பேன் என்று முழங்கினேன் அல்லவா? நேற்றுச் சேர்க்கைப் படிவத்துடன் அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வழியில் ஓசூர்ச் சந்தையில் நின்றாள். ஒருவரிடம் கன்னடத்தில் தக்காளி விலை பேசினாள். அடுத்தவரிடம் தெலுங்கில் கத்தரிக்காயைக் குறைகூறினாள். நான் பையைப் பிடித்தபடி நின்றேன்.

"இவரு யாரு பாப்பா?" என்றாள் கீரை விற்கும் பெண்.

"எங்கப்பாங்க, அக்கா. மேடை ஏறுனா எறங்கமாட்டாரு. இங்க வாயே தொறக்கல, பாருங்க!"

சந்தையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

"இவ்வளவு காய் எதற்கு?" என்றேன்.

"அம்மா வந்ததும் ரெண்டாவது ஷிப்ட்டு. மத்தியானந்தான் வேலைக்குக் கெளம்பும். காலையில மூணு பேரும் ஒண்ணா சமைச்சுச் சாப்பிடலாம். நான் பள்ளிக்கூடம் போனப்ப அந்த ஷிப்ட்டு வாரமெல்லாம் அம்மா மூஞ்சியவே பாக்கலப்பா."

உன் பணிமுறையை அவள் அறிந்திருக்கிறாள். நான் அறியேன்.

பள்ளி வாசலில் நின்று, "உள்ளே போகலாமா?" என்றேன். கேள்வி கேளுங்கள் என்று ஊர் ஊராக மக்களைத் தூண்டிய நான், நம் மகளின் விருப்பத்தைக் கேட்டது அதுவே முதன்முறை.

"வேணாம்ப்பா. தக்காளி நசுங்கிரும், வீட்டுக்குப் போலாம்."

திரும்பிவிட்டோம்.

நீ வரும் நாளுக்கு மறுநாள் நடக்கும் பர்கூர் மாநாட்டுக்கு வர இயலாதென்று சொல்லிவிட்டேன். அன்று காலை வெங்காயம் உரிக்கும் பொறுப்பை எனக்கு ஒதுக்கியிருக்கிறாள். நான் கண்கலங்கி நின்றால், வெங்காயத்தால் என்றே கொள்வாயாக.

உன் அடுக்களையின் புதுமுகம்