பட்டை பிரித்த பிளாப்பி

அண்ணா,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறை நண்பரிடம்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அம்மாவுக்கு எழுதும் பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது, உடம்பளவில் அது உண்மையும்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விளக்கைப் போட்டால் கதவிடுக்கில் தெரியும் என்று போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வருஷம் கிடங்குக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் கணக்கெழுத ஆள் வேண்டாம் என்று அப்பாவை அனுப்பிவிட்டார்கள் அல்லவா, அதற்கப்புறம் அவர் இருந்த இருப்பை அம்மா உனக்கு எழுதவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தாகம் என்றால்கூட வாய் திறக்கமாட்டார். அம்மா கடிதங்களின் கடைசியில் அப்பாவின் ஆசிகள் என்று ஒரு வரி வருமே, அதை அம்மாவே போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டர் வைரஸைப் பிடிக்க நீயே புரோகிராம் எழுதி அந்தப் பிளாப்பித் தகட்டை அனுப்பிய பிறகுதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். கடை கடையாகப் போய், கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார். தெருவுக்கே அவர் டாக்டர். என்ன டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பைக் காணோமே என்று அச்சாபீஸ்காரர் கேட்டால், கக்கத்தில் இருக்கும் பையைத் தட்டிக் காட்டுவார்.

போன வாரம் மருந்துக்கடைக்காரர் வந்தார். நீங்க மருந்து குடுத்த மறுநாள்லேர்ந்து என் நோயாளி படுத்த படுக்கையாயிட்டானே டாக்டர், சரக்குக் கணக்கு மொத்தமும் போச்சு என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணில் சிரிப்பு இல்லை. நோய் முத்தியிருக்கும், இன்னொரு வேளை குடுத்துப் பாப்போம் என்று அப்பா மறுபடி போனார். அப்புறம் அச்சாபீஸும் படுத்தது, அப்புறம் எங்கள் பள்ளிக்கூடமும். அப்பாவை உள்ளே விடாத பஸ் டிக்கெட் கடையில் மட்டும் கம்ப்யூட்டர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. இன்று பிளாப்பியை யாருக்கும் தெரியாமல் எடுத்துப்போய், பள்ளிக்கூடத்தில் பிழைத்திருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் உன் புரோகிராமை ஓட்டாமல் அதன் பெயரையும் அளவையும் மட்டும் பார்த்தேன். நீ குறித்து அனுப்பிய அளவைவிட அது பருத்திருந்தது. பிளாப்பி ஓரத்து வெட்டின்மேல் நீ ஒட்டிய கறுப்புப் பட்டையையும் காணோம். இது இருக்கிறவரை உள்ளே எதையும் எழுதமுடியாது, வைரஸும் நுழையாது, பிரிக்கவே பிரிக்காதீர்கள் என்று நீ எழுதியிருந்தாயே. வைரஸ் உன் மருந்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது அண்ணா. எங்கே நோய் என்று ஒவ்வொரு ஃபைலாகத் தொட்டுப் பார்க்கிறதே, தொட்டதற்கெல்லாம் ஒட்டவைத்துவிட்டு வருகிறது. அப்பாதான் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

நாளைக் காலையில் அப்பாவை ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு எந்த வகை ரத்தம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்பதெல்லாம் அங்கே ஒரே கம்ப்யூட்டரில். நன்றாகச் செய்தால் நிரந்தரமாகவே வைத்துக்கொள்வார்களாம். இன்று சாப்பிடும்போது அப்பா தானாகவே சிரித்துக்கொண்டார். பிளாப்பியில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று மெல்ல ஆரம்பித்தேன். என் புள்ள அனுப்புன மருந்துலயா, போ, போய்ப் படி என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதனால் பிளாப்பியையே கத்தரித்துவிட்டேன். துண்டுகள் என் புத்தகப் பையின் அடியில் கிடக்கின்றன.

நீ ஒன்று செய்யவேண்டும். யாரும் உள்ளே எழுதவே முடியாதபடி ஓரத்தில் வெட்டே இல்லாத பிளாப்பியாகப் பார்த்து புது மருந்து அனுப்பு, கெட்டுப்போன கடைகளுக்கும் அப்பாவே கொண்டுபோய்ச் சரிசெய்யட்டும். பழையதில் குறை உன்னுடையது, நீ செய்ததே தப்பு என்று அவருக்கு எழுது. கெட்ட பெயர் உனக்குத்தான் வரும். நீ தூரத்தில் இருக்கிறாய், தாங்கிக்கொள்வாய். அவர் தினமும் இதே தெருவில் நடக்கவேண்டும்.

பட்டையை ஏன் பிரித்தார் என்றும் தெரிந்துவிட்டது. உன் புரோகிராமுக்குப் பக்கத்தில் பெரியவன் என்று இன்னொரு ஃபைல் இருந்தது. அப்பா உனக்கு எழுதிய கடிதம். ஊர் பிளாப்பியெல்லாம் வந்துபோகும் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து, நம் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார். வைரஸும் அங்கேதான் ஏறியிருக்கவேண்டும். நான் கத்தரித்ததில் அதுவும் போய்விட்டது. பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் இரண்டு தடவை படித்தேன், மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெரியவனுக்கு, இதை நானே அடிக்கிறேன், பக்கத்தில் யாரும் இல்லை. கடை மூடின பிறகு டைப்பிங் சென்டர்காரர் என்னை உட்காரவிடுகிறார். நீ ஒட்டினதைப் பிரித்துவிட்டேன், கோபிக்காதே, எழுத வேறு இடமில்லை, முடித்ததும் திரும்ப ஒட்டிவிடுவேன். ஒரு வருஷமாக உனக்கு எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று நீ கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது எழுத இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. நீ நன்றாக இருக்கவேண்டும். போகிற இடத்தில் எல்லாம் எழுந்து நாற்காலி தருகிறார்கள். உன் மருந்தால் இதுவரை ஒருவருக்கும்

அப்பா கதவைத் தட்டுகிறார். பாப்பா, முழிச்சிருக்கியா, அண்ணனுக்கு இன்னும் ஒரு வரி சேக்கணும், அந்தப் பிளாப்பிய