தர்ஷினி மேல் எனக்கிருந்த சந்தேகம்

நவ. 13, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கு வெயில், இரண்டு மணிக்கு மழை. கண்டியை நம்பி உடுப்புக் காயப்போட முடியாது.

தீபாவளிக்கு மஹய்யாவ வீட்டுக்குப் போய் ஒரு இரவு தங்கிவிட்டு விடுதிக்குத் திரும்பியாயிற்று. அண்ணி விடவில்லை, மருதாணி வைத்துத்தான் அனுப்பினாள். கொண்டுவந்த முறுக்கு டின்னில் பாதி காணோம். யாரென்று தெரியும். சொல்லமாட்டேன்.

நாளை நேபாளத்தோடு முதல் ஆட்டம். நாலு நாட்டுப் பேஸ்போல் போட்டி, அதுவும் நம் ஊரில். கெச்சர் நான். துடுப்புப் பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற வேலை. ரிசேர்வ் கெச்சர் தர்ஷினி, வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. எல்லோருக்கும் தண்ணீர்ப் போத்தல் நிரப்பிக் கொடுக்கிறாள். இப்படி நல்ல பிள்ளைகளிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

செய்ய: கையுறைக்கு எண்ணெய். முழங்காலுக்கு வலித் தைலம். அண்ணிக்கு போன்.

நவ. 14, செவ்வாய்

தோற்றோம். 9–2. முழங்கால் வீக்கம்.

ஏதோ நடக்கிறது. நான் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவேன். ஒன்று வேகம், இரண்டு வளைவு, மூன்று மெது. அதைப் பார்த்துத்தான் எங்கள் பிட்சர் நிலூகா எறிவாள். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றிலிருந்து, வருகிற பந்து இன்னதென்று தெரிந்துகொண்டே நேபாளப் பிள்ளைகள் நின்றார்கள். வளைவுப் பந்துக்குத் துடுப்பை அசைக்கக்கூட இல்லை. ஐந்தாம் சுற்றில் அடையாளத்தை மாற்றினேன். இரண்டு பேர் ஆடி முடியவில்லை, மறுபடியும் அடி.

மாற்றியது தெரிந்தவர்கள் நான், நிலூகா, கோச் சேர், தர்ஷினி. நால்வரே.

இடைவேளையில் தர்ஷினி பக்கத்தில் வந்து, “அக்கா, கைய கொஞ்சம் மேல வச்சுக் காட்டுனா நல்லா இருக்கும்.” ஏழு வருடமாகக் குந்துகிறவளுக்கு இவள் பாடம்! “ஒன் வேலையப் பாரு” என்றேன்.

நவ. 15, புதன்

மழை. பயிற்சி இல்லை. பிடித்துவிட்டேன்.

காலையில் தண்ணீர்க் குழாயடியில் தர்ஷினியும் நேபாளப் பிள்ளைகள் இருவரும். ஹிந்தியில் கதை! டீவி நாடகம் பார்த்தே படித்தாளாம். ஒரே சிரிப்பு. நான் பார்க்கப் பார்க்க மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். மூன்று விரல்!

என் இடத்துக்குக் குறி. நான் தோற்றால் அவள் உள்ளே. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற ரகம்.

பத்தரைக்கு மெனேஜர் மெடத்திடம் போனேன். “நிச்சயமா?” என்று சிங்களத்தில் கேட்டார். நிச்சயம் என்றேன். வாய் தடுமாறவே இல்லை.

மதியம் தர்ஷினியின் கட்டிலில் விரிப்பு இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. குற்றமுள்ளவள் பேசமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பகல் பருப்பில் உப்பில்லை.

நவ. 16, வியாழன்

தாய்லாந்து. 11–3. தர்ஷினி இல்லை, அடையாளம் புதிது, அப்படியும் அடி.

நிலூகாவையே சந்தேகித்தேன். சேரையும். ஒரு நிமிடம் ஸ்கோர் எழுதுகிற கிழவரையும்.

ஆட்டம் முடிந்து கைகொடுக்கிற நேரம் தாய்லாந்துக்காரி ஒருத்தி என் கையை விடவில்லை. பாஷை இல்லை. என் விரல் நுனிகளைத் தொட்டுச் சிரித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கிக் காட்டினாள். பிறகு மூன்றாம் பேஸ் பக்கம், அவர்களுடைய கோச் நின்ற இடத்தைக் கைநீட்டிக் காட்டினாள்.

அங்கே போய் நின்றேன். நிலூகாவை என் இடத்தில் குந்தவைத்து, அவள் விரல் நுனிகளில் சிவப்பு டேப் சுற்றி, நான் காட்டுகிற மாதிரி காட்டச் சொன்னேன். தொடைக்குக் கீழே நுனிகள் எட்டிப் பார்க்கின்றன. மூன்றும் எண்ணலாம். அண்ணி என் பத்து விரலுக்கும் மருதாணித் தொப்பி போட்டது நன்றாகச் சிவந்திருந்தது. புதிதாக மாற்றினாலும் நாலு பந்து பார்த்தால் போதும், பிடித்துவிடுவார்கள்.

கையை மேலே வைக்கச் சொன்னாளே தர்ஷினி.

சொல்லாமலும் விடலாம். டேப் எதற்கென்று நிலூகா கேட்கவில்லை. சேருக்குத் தெரியாது. மருதாணி ஒரு கிழமையில் மங்கிவிடும். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நவ. 17, வெள்ளி

மெடத்திடம் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். நாளை நேபாளத்தோடு மூன்றாம் இடத்துக்கு ஆட்டம், தர்ஷினி பிடிப்பாள், நீ பெஞ்சில் என்றார். “நீயே போய்க் கூட்டிட்டு வா.”

வத்தேகம பஸ், பிறகு ஓட்டோ, பிறகு நடை. லயத்து வரிசை வீட்டில் அவள் அம்மா வாசலை விட்டு நகரவில்லை. மெடம் போன் பேசியது பக்கத்து வீட்டு நம்பருக்காம். “என் மக காட்டிக் குடுத்தான்னு இந்த நாலு வீட்டுக்கும் தெரிஞ்சு போச்சு. நாலு வீட்டுக்கும் நீயே போய்ச் சொல்லிட்டு வா. பொறகு கூட்டிட்டுப் போ.”

போனேன். மூன்றாவது வீட்டில் ப்ளேன்டீ தந்தார்கள். கேட்டுவிட்டு அந்த ஐயா, “அப்ப காட்டிக் குடுத்தது யாரு?” என்றார். யாருமில்லை, என் கைதான் என்றேன். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சும்மா சொல்லாதீங்க, யாரையோ காப்பாத்துறீங்க” என்றார்.

பஸ்ஸில் தர்ஷினி ஜன்னல் பக்கம். குழாயடியில் எதற்கு மூன்று விரல் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “வீட்ல எத்தன புள்ளைங்கன்னு கேட்டாங்க. மூணுன்னு சொன்னேன்.” கடுகஸ்தோட்டைப் பாலம் கடக்கும்போது, “நான் மேட்ச்சுக்கு வர்றேன், அக்கா. ஒங்களுக்காக இல்ல.”

நவ. 18, சனி

வெயில். காற்றில்லை. ஆட்டத்துக்கு முன் மெடம் எல்லோரையும் நிறுத்தி, தர்ஷினி மேல் ஒரு தப்பும் இல்லை என்றார். நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நிலூகா சிரிக்கவில்லை.

தர்ஷினி நன்றாகப் பிடிக்கிறாள். கையை உள்ளுக்குள் மறைத்து, முழங்காலை நெருக்கி. நான் பெஞ்சில், நோட்டு மடியில்.

நாலாம் சுற்று. நேபாளக்காரி வளைவுப் பந்தை வேலிக்கு மேலால் அடித்தாள். நல்ல அடி, யார் பிடித்தாலும் விழக்கூடியது. பெஞ்சில் அத்தனை பேரும் பந்தை விட்டுவிட்டுத் தர்ஷினியைப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன்.