தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

2023 ஜூன் 11, ஞாயிறு

கார்மெண்ட்ஸில் வாரத்துக்கு ஒரு லீவு. அதையும் தண்ணீர் லாரி தின்றுவிட்டது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றிருந்தபோது கயல்விழி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. என்ன என்று கையால் கேட்டேன். பாத்ரூம், வழுக்கல் என்று ஜாடை காட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள். பாவம், அதுவும் வரவில்லை.

என் தம்பி பெண்டாட்டி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. அப்பா அம்மாவும் இல்லை. அதனால்தான் ராகுலனுக்கு இப்படி ஒரு தங்கமான பெண் கிடைத்தாள். கேட்க நாதியில்லை என்று நினைத்துக்கொண்டான் போல. நான் இருக்கிறேன்டா, நாயே.

ஜூன் 14, புதன்

அவனிடம் கேட்டுவிட்டேன். “உன் வேலைய பாத்துக்கினு போக்கா” என்றான். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

கயல் இன்று ஒன்று காட்டினாள். அவன் அடிக்க ஆரம்பித்தால் இவள் பக்கத்து வீட்டுத் தகரத் தடுப்பை இரண்டு கையாலும் தட்டுவாளாம். தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்காது. ஆனால் மற்றவர்களுக்குக் கேட்கும் என்று தெரியும். யாராவது வந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சரோஜம்மா வீடு. நேராகப் போய்க் கேட்டேன். “புருசன் பொண்டாட்டி சண்டம்மா வெண்ணிலா. நாம இன்னாத்துக்கு நடுவுல?” என்றாள். எதிர் வீட்டிலும் அதே பாட்டு. சுரங்கக் கூலிகளுக்குக் கட்டிய இந்த லைன் வீடுகளில் ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். இது மட்டும் யாருக்கும் கேட்காது.

ஜூலை 8, சனி

கயல் இல்லை.

வியாழக்கிழமை. வேலை முடிந்து வரும்போது பங்காருபேட்டையில் ரயிலை நிறுத்திப் போட்டுவிட்டார்கள். மாரிகுப்பத்தில் இறங்கி வந்தால் லைன் முழுக்கக் கூட்டம். ராகுலன் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறான். “பாத்ரூம்ல வழுக்கி உயுந்துட்டாக்கா.” அதே பாத்ரூம். அதே வழுக்கல். அவள் கழுத்தைப் பார்த்தேன். விரல் பதிந்திருந்தது — பாத்ரூமுக்கு விரல் உண்டா? உடனே எடுத்துவிடலாம் என்று நாலு பேர் நின்றார்கள். நான் போட்ட கூச்சலில் போலீஸ் வந்து உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

அம்மா அந்த நேரம் ரேஷன் கடையில் இருந்தாளாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதாம்.

அவன் சாகணும். எழுதிவைக்கிறேன். அவன் சாகணும்.

ஜூலை 11, செவ்வாய்

ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் பெரிய ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. கயல் படத்துக்குப் பக்கத்தில் அவன் படம் அவளைவிடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. கீழே “ஆறாத் துயரில் அன்புக் கணவர் ராகுலன்”. வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்களெல்லாம் நின்று உச்சுக்கொட்டுகிறார்கள். கிழித்துப்போட எட்டவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

எங்கள் புத்த விகாரையில் படத்திறப்பு. அவன்தான் மாலை போட்டான். பஞ்சசீலம் சொன்னபோது அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரைக் கொல்லேன் என்கிற முதல் சீலத்தைத் தடங்கல் இல்லாமல் சொன்னான்! மைக்கைப் பிடுங்கி, “இவன்தான் கொன்னான்” என்றேன். என்னை நாலு பேர் வெளியே இழுத்து வந்தார்கள். பெரியவர் ஒருவர் கோபத்தை விடச் சொன்னார். இவ்வளவு நாளில் அவனிடம் ஒருநாள் அதைச் சொன்னீர்களா ஐயா?

வழியெல்லாம் அம்மாவின் புலம்பல். “தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. உனக்கு ஆடலயாடி? ஒரே ஆம்பளப் புள்ள.” ஆடவில்லை. ஒரு இம்மிகூட ஆடவில்லை.

ஜூலை 19, புதன்

நானும் போஸ்டர் அடித்துவிட்டேன். மனோகர் பிரிண்டிங் கடையில் முதலில் முடியாது என்றார்கள். கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கயல் படம் மட்டும். கீழே, “அடித்துக் கொன்றவர்: கணவர் ராகுலன். தகரத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் வராதவர்கள்: இந்த லைன்காரர்கள். கண்ணீர் யாருக்கும் வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள்.” லைன் முழுக்க ஒட்டினேன். சரோஜம்மா வாசலுக்கு எதிரில் இருக்கிற கம்பத்தில் மட்டும் கைக்குக் கிடைத்த அளவுக்குப் பசை அப்பினேன். கிழிக்க முடியாது.

எத்தனை நாளுக்குப் பிறகோ சோறு இறங்கியது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்துவிட்டது. கழுத்தை நெரித்த தடயம். காலையில் ராகுலனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜீப் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். அவனும் பார்க்கட்டும் என்றுதான் நின்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

லைனில் ஒருவரும் என்னிடம் பேசுவதில்லை. தண்ணீர் வரிசையில் என் குடத்தை நகர்த்திவைக்கிறார்கள். போலீஸ் விசாரித்தால், “நாங்க ஒண்ணும் கேக்கல சார்” என்று ஒரே வாய்ப்பாடு. போஸ்டரில் அவர்களையும் சேர்த்து இழுத்தது தப்பு என்று அரசு வக்கீல் திட்டினார். கழுத்தை நெரித்தது யார் என்று ரிப்போர்ட் சொல்லாதாம். சத்தம் கேட்ட ஒருவராவது சொல்லாவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவானாம்.

வரட்டும். சுத்தியல் இருக்கிறது வீட்டில்.

2024 ஜனவரி 22, திங்கள்

ஜாமீனில் வந்துவிட்டான். ரயில்வே ஸ்டேஷனில் என்னைப் பார்த்து, “இன்னாக்கா, நல்லா கீறியா?” என்றான். சிரிப்பு வேறு. சுத்தியலைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கார்மெண்ட்ஸுக்குப் போய்வந்தேன். மூன்றாம் நாள் எடுத்துவைத்துவிட்டேன். நான் உள்ளே போய்விட்டால் கயலுக்காகக் கோர்ட்டில் நிற்க வேறு யார்?

2025 மார்ச் 18, செவ்வாய்

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அவன் வக்கீல் என் போஸ்டரைத் தூக்கிப் பிடித்து, “தம்பி இருக்கிற வீட்டை எடுத்துக்கொள்ள அவன் மேல் பழி போடுகிறீர்கள்” என்றான். “வீட்ட நெருப்பு வச்சி கொளுத்துய்யா, எனக்கு அவன்தான் வேணும்” என்று கத்திவிட்டேன். அது எப்படிப் பதிவாகும் என்று அப்புறம்தான் உறைத்தது. முட்டாள், முட்டாள். கோபமே எனக்கு எமன்.

அம்மாவும் ஏறினாள். அதே ரேஷன் கடைக் கதை.

மார்ச் 19, புதன்

சரோஜம்மா! இவளும் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் சொல்வாள் என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அவன் அடிச்சான் சார். அவ தகரத்த தட்டினா, ரொம்ப நேரம் தட்டினா. நான் டிவி சவுண்ட ஜாஸ்தி பண்ணேன். அப்பறம் தட்டறது நின்னுபோச்சி. அவன் மட்டும் வெளிய வந்து பீடி பத்தவச்சான்.”

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று வக்கீல் மடக்கினான். “பயம். ஆனா எதிர் கம்பத்துல அந்தப் புள்ள மூஞ்சி. கதவத் தொறந்தா அதான். மழையில எழுத்தெல்லாம் போச்சி, மூஞ்சி போவல சார்.”

வெளியே வந்ததும் என்னைக் கும்பிட்டாள். நான் திருப்பிக் கும்பிடவில்லை. மன்னிப்பு வேறு, சாட்சி வேறு.

ஜூன் 27, வெள்ளி

ஆயுள்.

கோர்ட்டிலேயே சிரித்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். கண்ணில் புரை, தனியாக அடுப்பு மூட்ட முடியவில்லை. மகன் பெயரை எடுக்கக் கூடாது என்றேன். சரி என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் கேட்கவில்லை. அம்மாவாகவேதான் சொன்னாள்.

“அன்னிக்கு ரேஷனுக்குப் போவலடி. உள்ளதான் இருந்தேன். தகரத்த தட்டிப் பார்த்துட்டு, அப்பறம் வந்து என் கால புடிச்சிக்கினா. நான் உதறிக்கினு வெளிய போயிட்டேன்.”

சொல்லிவிட்டு மோர் கேட்டாள். ஊற்றினேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லி என்ன? கேஸ் முடிந்துவிட்டது. சரோஜம்மாவையாவது ஒரு தகரம் மறைத்திருந்தது.

அக்டோபர் 4, சனி

அம்மா ராகுலனைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்கிறாள். “ஒரு தபாடி. ஒரே ஒரு தபா. எனக்கு வழி தெரியாதே.” அடுத்த வாரம் என்றேன்.

நவம்பர் 8, சனி

ஜெயிலில் பார்க்க விடுகிற நாள். அம்மா விடியலிலேயே குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, அவனுக்கு வாங்கிவைத்த பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கும் எனக்கு ஷிப்ட்டு இருக்கும்மா” என்றேன்.

போன ஞாயிறு வேலை பார்த்ததற்கு இன்று எனக்கு லீவு. கதவருகே கயிற்றில் என் யூனிஃபார்ம் ஈரத்தோடு தொங்குகிறது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து, சோறு ஆறுகிற வரைக்கும் கூப்பிடாமல் இருந்தேன்.