அய்யா வருமுன் ஒரு படம்

சென்னை, 1956

இல்லை அம்மா, ஐம்பத்திரண்டு வயதில் பவுடர் பூசினால் ஊர் சிரிக்காது. நம்மூர் அக்காள்மடத்தில் எல்லோரும் சுகமா? நான் சுகம்.

பதினோரு வருடம் கழித்து அய்யா கொழும்பிலிருந்து வருகிறார். “என்னையப் பாத்து யாருன்னு கேட்டுட்டாருன்னா என்னடி செய்ய?” என்று எழுதியிருந்தீர்கள். கடையில் உங்களுக்காக கிரீம் கேட்டேன். “அம்பது தாண்டினவங்களுக்கா? விபூதி இருக்கும்மா” என்றார் கடைக்காரர். நானும் சிரித்துவைத்தேன்.

உப்புக்காற்றில் கருவாடு காயப்போட்டே வறண்ட முகத்துக்கு எதை அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. பாதத்தில் உப்பைக் கழுவிவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். தலைக்கு இனி வெந்நீர்தான். உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், எனக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

மகள்,
பிலோமினா

பி.கு.: அய்யாவுக்கும் வயது அறுபது. இப்போது எடுத்த படம் ஒன்றை முதலில் உங்களுக்கு அனுப்பச் சொல்லி, அவருக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன்.