எங்கள் கட்டத்தில் பெய்த மழை

1985 பிப்ரவரி 11

காலையிலேயே வரிசையில் நின்றும் கம்ப்யூட்டர் அறையில் மதியம்தான் இடம் கிடைத்தது. புரோகிராம் துளையிட்ட அட்டைக் கட்டில் ஒன்று மடிந்து போயிருந்தது. மறுபடி துளை போட்டு, மறுபடி வரிசை.

எங்கள் வானிலை ஆபீசில் திருவேங்கடம் சார் ஆறு பெருமழைகளை எடுத்திருக்கிறார். எல்லாம் தென்மேற்குப் பருவத்தில் யாரும் எதிர்பாராமல் கொட்டியவை. முந்தைய நாள் காற்றையும் ஈரத்தையும் கொடுத்தால் கம்ப்யூட்டர் மாடல் அந்த மழையைக் கொண்டுவருகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு விழுந்தது 1977 ஜூலை 26, பொன்னேரிப் பக்கம், இருபத்தேழு சென்டிமீட்டர். "உங்க ஊர்தானேய்யா இளங்கோவன்? நீயே வெச்சுக்கோ" என்றார்.

வாங்கிக்கொண்டேன். என் அண்ணன் தேசப்பன் ஏரிக்குப் போய்ச் செத்தது அன்றுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 26

மாடல் கொடுத்தது இரண்டு சென்டிமீட்டர். இருபத்தேழுக்கு இரண்டு!

மார்ச் 10

ஊருக்கு, பசியாவரம் போய் வந்தேன். படகில் பக்கத்து வீட்டு முத்தம்மாள் யாரிடமோ அதே பழைய கதை: "வானம் கறுத்துக் கெடந்துச்சு. பாடு போயிடுமேனு புருசன தொரத்தி உட்டாளே, அவதான்." ஏரியில் வலை போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை வைத்த நாள்தான் பாடு. அன்று போகாவிட்டால் அடுத்த முறை வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதுதான். எட்டு வருஷமாக ஊர் வேலம்மா அண்ணியை இப்படித்தான் பேசுகிறது.

மெஷினில் அந்த மழையைத் தேடுவதை அண்ணியிடம் சொல்லியிருந்தேன். சோறு போட்டபடி கேட்டாள். "இன்னா தம்பி, உங்க மெசின்ல அன்னிக்கு மழை வருதா?"

"வரல அண்ணி."

"மெசினுக்கே தெர்ல. எனக்கு எப்டித் தெரியும்?" முத்தம்மாள் வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மார்ச் 22

மாடலில் எங்கள் ஏரியே இல்லை. அது நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் பார்க்கும்; ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர். பழவேற்காடு, பொன்னேரி, சூளூர்பேட்டை எல்லாம் ஒரே கட்டம், முழுக்கத் தரை. யாருக்கும் சொல்லாமல் அதைத் தண்ணீராக மாற்றி ஓட்டினேன். 1.8. இருந்ததும் குறைந்துவிட்டது.

ஏப்ரல் 5

எழுதிவிடுகிறேன், இந்த நோட்டிலாவது.

அன்று நான் லீவில் ஊரில் இருந்தேன். படகைத் தள்ளும் முன் அண்ணன் மேற்கே காட்டினார். "இன்னாடா, ஆபீசுல நீ இதானே பாக்குற? போலாமா?" நான் சொன்னேன்: "ஆடில இங்க இன்னாணா பெருசாப் பெய்யும்? முப்பது வருசக் கணக்கு பாத்தவன் சொல்றேன். போய்ட்டு வா."

சராசரியைச் சொன்னேன். தலைக்கு மேல் மேகம் நிற்கிறது, சராசரியைச் சொல்கிறேன் — மடையன். மழை கொட்டி, சாயந்திரத்துக்குள் ஆற்று வெள்ளம் ஏரியில் இறங்கி, முகத்துவாரம் வழியாகப் படகையும் கடலுக்கு இழுத்துப் போய்விட்டது. மூன்றாம் நாள் காட்டுப்பள்ளிக் கரையில் கிடைத்தார்.

அண்ணி அவரைத் துரத்தவே இல்லை. அடுப்படியில் இருந்தாள். ஊர் அவள்மேல் பழி போட்டபோது நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்? பயம். வேறென்ன?

மாடலில் அந்த மழை வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். வராவிட்டால் யாராலும் தெரிந்திருக்க முடியாது என்று ஆகும். என்னாலும்தான்.

ஏப்ரல் 6

வெளியே போகவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூன் 14

கட்டத்தைப் பாதியாக்கி ஓட்டினோம். இருபத்திரண்டு சென்டிமீட்டர், எங்கள் ஏரிக்கு நேர் மேலே.

சார் தாளைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனார். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரு நாள் மழையைப் போட மெசினுக்கு முப்பத்தாறு மணி நேரம் ஆவுதுய்யா, அதான் கொஞ்சம் இடிக்குது" என்றார்.

அப்படியானால் அன்றே இந்த மெஷின் இருந்திருந்தாலும், படகு போன மறுநாள்தான் தாள் கைக்கு வந்திருக்கும். அண்ணியிடம் இதையே சொல்லிவிடலாமா? அவளும் நம்புவாள். ஆனால் அண்ணன் மெஷினையா கேட்டார்? என்னைத்தானே கேட்டார்.

ஜூலை 7

சொல்லிவிட்டேன். முத்தம்மாளையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னேன்.

"மெசின்ல மழை வந்துச்சா தம்பி?" என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"வந்துச்சு அண்ணி. அது கெடக்கட்டும். அன்னிக்கு அண்ணனப் போவச் சொன்னது நான்தான். என்னைக் கேட்டுட்டுத்தான் போனாரு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "எட்டு வருசம், தம்பி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முத்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 8

காலை படகுக்காகக் கரையில் நின்றேன். மற்றப் பெண்கள் தண்ணீர் எடுத்துத் திரும்பிய பிறகுதான் அண்ணி குடத்தைத் தூக்குவாள், இத்தனை வருஷமும். இன்று முத்தம்மாள் அவள் வாசலில் வந்து நின்று, "வேலம்மா, வா, போலாம்" என்று கூப்பிட்டாள். ஆறேழு பெண்களுக்கு நடுவே அண்ணி என்னைக் கடந்து போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

படகு வந்தது. ஏறிக்கொண்டேன்.