ஐந்தாவது தட்டு

வார்சா,
15 டிசம்பர் 1973

அன்புள்ள தங்கை அப்போலோனியாவுக்கு,

அக்கா ரோசாலியா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கொண்டுவந்த முட்டையில் இரண்டுதான் உடைந்தது. கோழிகளுக்கு வெந்நீர் வைக்கிறாயா? பச்சைத் தண்ணீர் வைத்தால் அரைமணியில் உறைந்துவிடும், பிறகு கொத்திக்கொத்தி அலகைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

மருமகள் தெரேசா ரயிலடிக்கு வந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். பேத்தி மார்த்தா கணக்கில் வகுப்பிலேயே முதல். அவளுடைய டீச்சர் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு மூளை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள். "எங்க பக்கத்துலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து வரும்?" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

நேற்று கோட்டைச் சதுக்கத்துக்கு அழைத்துப்போனார்கள். மூன்று மாடி உயரத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் நிறுத்தி விளக்குப் போட்டிருக்கிறார்கள். போரில் தகர்த்த அரண்மனையை மறுபடி கட்டுகிறார்கள், சாரத்தின் மேலெல்லாம் பனி. கடைகளில் ஆரஞ்சு வந்திருக்கிறது, அதற்கு ஒரு தெரு நீளம் ஆள் நிற்கிறது. எல்லாவற்றையும் பார்த்தேன். அழகுதான். ஆனால் இந்தக் குளிரில் கிணற்றில் தண்ணீர் இறைத்துவிட்டு வந்ததும், விரல் நம்முடையதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது எனக்கு. என் லுட்விக்கை மார்ச்சில் மண்ணில் வைத்ததிலிருந்து இப்படித்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்று ஊரில் பேசியது என் காதிலும் விழுந்தது.

இப்போது ஒரு சங்கதி. அடுப்படியில் பீட்ரூட் உரித்துக்கொண்டிருந்தேன். தெரேசா கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"அத்தை, காசிமிர்னு ஒருத்தர். உங்க புள்ள வேலை பாத்த டிப்போல ட்ராம் ஓட்டுறவர். அவர் போனதுக்கப்புறம் எங்களுக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தாரு. ஈஸ்டர் கழிச்சுக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குறாரு. இருபத்தி நாலாம் தேதி கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அவரும் நம்மகூட உக்காரலாமா? நீங்க வேணாம்னா வேணாம். கல்யாணப் பேச்சும் அதோட சரி."

"நான் சொல்லித்தான் நடக்கணுமா?"

"ஆமா அத்தை. மார்த்தாவுக்கு நீங்க வேணும். எனக்கும்."

பீட்ரூட் கறை கையோடு நின்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

உன் அக்கா,
ரோசாலியா


லிபோவ்கா,
19 டிசம்பர் 1973

அக்கா,

கடிதம் கிடைத்தது. கோழிகளுக்கு வெந்நீர்தான் வைக்கிறேன். உன் சேவல் என் காலைக் கொத்துகிறது, அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வருஷம் கூடத் திரும்பவில்லை. அந்தக் கருப்புத் துணி இன்னும் வெளுக்கவில்லை, அதற்குள் அவளுக்குக் கல்யாணமா? சொல்லாமல் வரும் விருந்தாளிக்கென்று கிறிஸ்துமஸ் மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்போமே, இந்த வருஷம் அது நம் லுட்விக்குக்கு. யாரோ ஒரு ட்ராம்காரன் அதில் பீட்ரூட் சாறு குடிக்கவா? வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடி. குழந்தையை இங்கே கூட்டிக்கொண்டு வா. நம் பள்ளிக்கூடத்திலும் கணக்கு சொல்லித்தருகிறார்கள்.

கிறிஸ்துமஸ் இரவில் மாடுகள் பேசும் அல்லவா? நீ சம்மதித்தால் உன் சிவப்பி முதலில் உன்னைத்தான் ஏசும். நான் காது கொடுத்துக் கேட்டு எழுதுகிறேன்.

அப்போலோனியா


வார்சா,
26 டிசம்பர் 1973

அன்புள்ள அப்போலோனியா,

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதியே வந்தது. நீ சொன்னபடி வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு நாளும் வாய்வரை வந்தது. ஒன்று தெரேசா பண்டிகைச் சமையலுக்கு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்ட கெண்டைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பாள், இல்லை மார்த்தா பக்கத்தில் இருப்பாள். கடைசியில் பண்டிகை மாலை வந்துவிட்டது.

என்னை மேஜை தயார் பண்ணச் சொன்னார்கள். வழக்கப்படி மேஜைமேல் வைக்கோல் பரப்பினேன். மேலே வெள்ளை விரிப்பு. பங்குச் சாமியாரிடம் வாங்கிவந்த அப்பத்தை நடுவில் வைத்தேன். பிறகு தட்டுகள். நாங்கள் மூன்று பேர், வழிதப்பி வருகிறவருக்கு ஒன்று. நாலு. ஆனால் பத்து வருஷமாக என் வீட்டில் லுட்விக்கையும் சேர்த்து வைத்துப் பழகிய கை, ஐந்து வைத்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை.

தெரேசா காளான் கிண்ணத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். உதட்டை அசைத்து எண்ணினாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். "நன்றி அத்தை. நீங்க வாயால சொல்லாட்டியும் பரவால்ல," என்று கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். காசிமிர் மூன்று தெரு தள்ளி இருக்கிறான்.

எதற்கு நன்றி என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன்.

நேரம் இருந்தது, அப்போலோனியா. ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "தப்பா வெச்சுட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். எழுந்து கையையும் நீட்டினேன். எந்தத் தட்டை எடுப்பது? என் பிள்ளையின் தட்டை நானே எடுக்க வேண்டும். கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

சாப்பாடு தொடங்க முதல் நட்சத்திரம் தெரியவேண்டுமே என்று ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த மார்த்தா, "பாட்டி, நட்சத்திரம் வந்துருச்சு!" என்று கத்தினாள். படியில் காலடியும் கேட்டது.

அவனுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். காது பெரிய காது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்களேன், குளிர் அடிக்குது," என்றாள் மார்த்தா.

"அம்மா சொல்லட்டும்," என்றான் என்னைப் பார்த்து.

"கதவைச் சாத்து. கூடத்துச் சூடெல்லாம் படியிறங்கிப் போகுது," என்றேன். என் வாயில் வந்த வரவேற்பு அவ்வளவுதான்.

அப்பம் பிட்டோம். மார்த்தா என் அப்பத்தில் பிட்டு, "பாட்டி நூறு வயசு இருக்கணும்," என்றாள். தெரேசா ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. அவன் தன் அப்பத்தை என் முன்னால் நீட்டினான். ஏதாவது வாழ்த்தியாக வேண்டும். அதற்குப் பதில் நான் கேட்டேன்: "லுட்விக் போன அன்னைக்கு நீ அங்க இருந்தியா?"

"இருந்தேம்மா. ரெண்டு பேரும் ஓய்வு அறையில இருந்தோம். அடுப்புல சூப் வெச்சிருந்தாரு. 'பொங்கிடப் போவுது, எறக்குடா'ன்னாரு. நான் எறக்கி வெச்சுட்டுத் திரும்பினேன். அதுக்குள்ள…" கையிலிருந்த அப்பத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சூப்பை விட்டுட்டு அவரைப் பாத்திருக்கணும்மா."

ஒன்பது மாதமாக எனக்குத் தெரிந்தது 'மாரடைப்பு' என்று தட்டச்சு செய்த ஒரு தாள் மட்டும். என் பிள்ளை கடைசியாகப் பேசியது சூப்பைப் பற்றி. எப்போதும் அவனுக்கு வயிறுதான்.

"என்ன சூப்?" என்று கேட்டேன்.

"பட்டாணி."

அவன் அப்பத்தில் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். "உடம்பைப் பாத்துக்கோ," என்றேன். ஐந்தாவது தட்டு காலியாகவே இருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. கெண்டையில் முள் அதிகம்.

ரோசாலியா


லிபோவ்கா,
30 டிசம்பர் 1973

அக்காவுக்கு,

படித்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது, ஆத்திரத்தில். மறந்து வைத்த தட்டு என்றால் மறுநாளாவது சொல்லலாமே! ஏமாந்தது நீயா அவளா? பூசை முடிந்து வரும்போது நாலு பேர் என்னைக் கேட்டார்கள், உன் அக்கா எப்போது வருகிறாள் என்று. என்ன சொல்ல? மகன் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு வருகிறாள் என்றா?

தெரேசாவிடம் உண்மையைச் சொல். அது கைத்தவறு, சம்மதம் இல்லை என்று சொல். சொல்லிவிட்டு வந்தால் உன் தங்கை. இல்லாவிட்டால் உன் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், வாங்கிக்கொள்.

அப்போலோனியா


வார்சா,
4 ஜனவரி 1974

அன்புள்ள அப்போலோனியா,

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். தட்டைத் தவறி வைத்த சங்கதி இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அது நம் இருவரோடு குழிக்குள் போகட்டும். இதை நான் உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன். நான் யாரிடமும் கெஞ்சியவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

கல்யாணம் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. அதற்குள் வருஷமும் திரும்பிவிடும். காசிமிருக்கு அம்மா கிடையாது. போரில் இடிந்த வீட்டிலிருந்து எடுத்து அநாதை விடுதியில் விட்டார்களாம், அம்மா பெயர்கூடத் தெரியாது. நேற்று வந்தான். அரைமணி நேரம் ட்ராம் தண்டவாளத்தைப் பற்றியே பேசினான். போகும்போது காது சிவந்துபோய்க் கேட்டான்:

"கல்யாணம் முடிஞ்சு வரும்போது எங்களை வரவேற்க வாசல்ல ரொட்டியும் உப்பும் புடிக்கணுமாமே. மாப்பிள்ளையோட அம்மா புடிக்கணுமாம். எனக்கு ஆள் இல்ல. தெரேசாகிட்ட கேட்டா, அத்தைகிட்ட நீங்களே கேளுங்கன்னுட்டா."

இதே தெரேசாவுக்கு ஒருதரம் பிடித்திருக்கிறேன், லுட்விக் பக்கத்தில் நின்றான். இரண்டாவது தரம் யாராவது பிடித்திருக்கிறார்களா? எனக்குத் தெரியாது. சந்தோஷமா என்று கேட்காதே, இல்லை. வருத்தமா என்றால் அதையும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"கடையில வாங்கின ரொட்டியைப் புடிக்கமாட்டேன். நானே சுட்டு எடுத்துட்டு வரேன்," என்றேன். அவன் தொப்பியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

என் அடுப்பு போன குளிரில் விரிசல் விட்டது. கல்யாண ரொட்டி அதில் வேகாது, உன் அடுப்பில்தான் வேகும். வியாழக்கிழமை வண்டியில் வருகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருந்தால், உன் பதிலைப் புரிந்துகொள்கிறேன்.

உன் அக்கா,
ரோசாலியா


லிபோவ்கா,
7 ஜனவரி 1974

அக்கா,

சாவி என்னிடம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குப் பனியில் ஓடும் ஸ்லெட்ஜ் வண்டி வரும்.

கோபம் தீரவில்லை. வண்டியில் நான் பேசமாட்டேன், நீயும் பேசாதே. ரொட்டிக்கு முட்டை எத்தனை என்று மட்டும் வரும்போது யோசித்து வை. பன்னிரண்டு போதாது, அவர்கள் டிப்போவில் ஆள் அதிகம் இருக்கும்.

அப்போலோனியா