மழைக்கு அஞ்சுகிறவர்

லான் சகா
அக்டோபர் 9

அன்புள்ள சுலீ அக்காவுக்கு,

நீ அனுப்பிய இரண்டாவது கேப்சூல் பாட்டிலும் வந்து சேர்ந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு என்று நீ சொன்னது சரிதான். ஒன்று போட்டால் அரைநாள் ஓடுகிறது. போனில் பேசினால் ப்ரஸித் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

பான் பிறந்து ஐம்பது நாள். விடிந்ததும் வீறிட்டு அழுகிறாள். கைகால் வெடவெடக்கிறது, விடாமல் தும்முகிறாள். பால் குடித்துச் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறாள். எனக்குச் சந்தேகம் ப்ரஸித் மேல்தான், பெற்ற அப்பன் என்றாலும். கொல்லையில், போதைக்கு மெல்லும் க்ரதோம் இலையின் நடுநரம்புகள் கிடக்கின்றன. உரித்த ஈரம்கூடக் காயவில்லை. கேட்டால், “ரப்பர் வெட்ட வர்ற ஆளுங்க மெல்லுறதுக்கு உரிச்சுப் போட்டது. வேணும்னா என் பல்லப் பாரு” என்று வாயைத் திறக்கிறார். கல்யாணத்துக்கு முன் மென்றவர்தானே! அந்த வாயால் குழந்தையைக் கொஞ்சினால்?

உன் ஒரதை

ஹாட்யாய்
அக்டோபர் 14

ஒரதைக் கண்ணே,

பல்லைக் காட்டினால் நம்பிவிடுவாயா? நம் அப்பாவை நினைத்துப் பார். இலையை மென்றுவிட்டு வெயிலில் மாடு மாதிரி உழைப்பார். மேகம் கறுத்தால் போர்வைக்குள் போய்விடுவார். குளிக்கச் சொன்னால் அம்மாவோடு சண்டை. இலைக்காரன் மழைக்குப் பயப்படுவான். மழை வரட்டும், உன் வீட்டுக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார். அதுவரை குழந்தையை அவரிடம் கொடுக்காதே.

கேப்சூலை மூன்று வேளையும் தவறாமல் போடு. இன்னும் இரண்டு பாட்டில் லான் சகா வேன்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சுலீ

லான் சகா
அக்டோபர் 22

அக்கா,

மழை வந்தது. ப்ரஸித் சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்று வாளிகளைக் கழுவினார். பாட்டு வேறு. துணி எடுக்க நான் இறங்கினேன். நாலு சொட்டு விழுந்ததும் எலும்புக்குள் குளிர் புகுந்து, உள்ளே ஓடிவந்துவிட்டேன். அவர் சிரித்தார்: “ஏய், பத்து நாளா என்னை மோப்பம் பிடிச்சியே! மழையப் பார்த்து ஓடுறது நீதானே? நீ குளிச்சே மூணு நாளாச்சு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேப்சூலைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டினேன். பச்சைத் தூள். நாக்கில் வைத்ததும் அப்பாவின் வாய் நாற்றம்.

தூளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது க்ரதோம். உங்க பால்லதான் பாப்பாவுக்குப் போகுது. வேளை தப்பினா பாப்பாவுக்கு நடுங்குது, குடிச்சா அடங்குது. நீங்களா சட்டுன்னு நிறுத்தாதீங்க, நாளைக்கே ரெண்டு பேரும் இங்க வந்து சேர்ந்துடுங்க.” நாளை சேர்கிறோம்.

கல்லூரியில் படித்தவள் நான். பாட்டிலில் ‘மூலிகை’ என்று பார்த்ததோடு சரி. அக்கா, அதில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

ஒரதை

ஹாட்யாய்
அக்டோபர் 29

ஒரதை,

தெரியும். இப்போது சந்தையில் கீரை மாதிரி விற்கிறார்கள், யாரும் தடுப்பதில்லை. எனக்குத் தெம்பு தந்ததைத்தான் உனக்கு அனுப்பினேன். பாலில் கலக்கும் என்று சத்தியமாகத் தெரியாது.

நானும் நிறுத்திப் பார்க்காமல் இல்லை. மூன்று நாள் தாங்கவில்லை. மூக்கு ஒழுகி, கால்கள் தானாக உதைத்து, வேலைக்கே போகவில்லை. உன் வீட்டுக்காரர் மேல் நீ சந்தேகப்பட்டபோது, கேப்சூலைப் பற்றிக் கேட்கவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மன்னித்துவிடு.

அந்த இரண்டு பாட்டிலையும் எறிந்துவிடாதே. இங்கே சரக்கு வரவில்லை. புதன்கிழமை வேனில் கொடுத்தனுப்பு.

சுலீ

நாக்கோன் மருத்துவமனை
நவம்பர் 3

அக்கா,

பான் நேற்று நடுங்காமல் தூங்கினாள். அப்பன் மார்பில்தான். நான் குழந்தையைத் தரமாட்டேன் என்ற நாட்களில் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

புதன்கிழமை வேனில் பாட்டில் வராது. இரண்டும் டாக்டரிடம் இருக்கின்றன, உன்னையும் வரச் சொன்னார். திரும்பும் வேன் பன்னிரண்டு மணிக்கு ஹாட்யாயிலிருந்து கிளம்பும். அதில் முன் இருக்கையை உன் பேருக்குச் சொல்லிவைத்திருக்கிறார் ப்ரஸித். வழியெல்லாம் மழையாம். போர்வை எடுத்துக்கொண்டு வா.

ஒரதை